மாகாணியும் மனக்கணக்கும்

கூட்டலைக் கணிதத்தின் வாயிற்படி எனக் கருதி, அதனை மிதித்துக்கொண்டு உள்ளே விரைபவர் பலர். படியிலே சற்று நின்று அதன் வேலைப்பாட்டை நோக்குபவர் மிகச் சிலர். பெருக்கலுக்கு வாய்பாடு உண்டு; வகுத்தலுக்கு நெடிய வழியும் குறுகிய வழியும் உண்டு; அட்சரகணிதத்துக்கும் கேத்திரகணிதத்துக்கும் தனித்தனி நூல்கள் உண்டு. கூட்டலுக்கோ, எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வலப்புறத்திலிருந்து தொடங்கி, பத்து வந்தால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இடப்புறம் நகர்க என்னும் ஒரே விதிதான் நம் பாடசாலைகளில் பெரும்பாலும் வழங்குகிறது. அது நல்ல விதிதான். ஆயினும் அது கைக்கும் தாளுக்கும் உரிய விதி, மனத்துக்குரியது அன்று. மனம் வேறு வகையாகக் கூட்டுகிறது. அந்த வகைகள் யாவை, அவற்றை நம் மொழியும் நம் சந்தையும் எங்ஙனம் பேணி வந்துள்ளன, பாடசாலை அவற்றுக்கு ஏன் செவிசாய்த்தல் வேண்டும் என்பனவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில் தெற்கு நோக்கி வருபவர், களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்ததும் பெரியகல்லாற்றை அடைவர். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலத்தில் தென்னைகளும் வீடுகளும் கோவில்களும் பாடசாலைகளும் நெருங்கி நிற்கின்றன. வாவி மீன் வீதியோரத்துக்கு வரும் காலை வேளையில் அங்கே நிகழும் கூட்டற் கணக்குகளுக்குக் கணக்கில்லை.

அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். மீன் விற்கும் மூதாட்டி ஒருவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள் நான் வாங்கியவை இறால் 750 ரூபாவுக்கு, மீன் 680 ரூபாவுக்கு, நண்டு 490 ரூபாவுக்கு. அவரிடம் தாளும் இல்லை, கணிப்பானும் இல்லை. “எழுநூற்றைம்பதும் எழுநூறும் ஆயிரத்து நானூற்றைம்பது. அதில இருபது குறைய ஆயிரத்து நானூற்று முப்பது. அதோட ஐந்நூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. பத்தை எடுத்தா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, சேர்” என்றார். நான் இரண்டாயிரம் ரூபாவை நீட்டினேன். கழித்துப் பார்த்ததாகவே தோன்றாதபடி எண்பது ரூபாவைக் கையில் வைத்தார்.

இதே கணக்கைப் பாடசாலை முறையாற் செய்வோம். ஒன்றினிடத்தில் மூன்று சுழியம், சுழியம் எழுதுக. பத்தினிடத்தில் ஐந்தும் எட்டும் ஒன்பதும் இருபத்திரண்டு. இரண்டை எழுதி இரண்டை மனத்தில் வைக்க. நூற்றினிடத்தில் ஏழும் ஆறும் நான்கும் பதினேழு, மனத்திலிருந்த இரண்டும் சேரப் பத்தொன்பது. விடை 1,920. இரண்டு வழியும் ஒரே துறையிற் கொண்டுபோய் விடுகின்றன. ஆனால் வழியில் காண்பவை வேறு. பாடசாலை முறையில் நமக்கு முதலிற் கிடைப்பது சுழியம்; அதாவது, விலையில் மிக அற்பமான பகுதி. மூதாட்டிக்கு முதலிற் கிடைத்தது ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். அதாவது, மிகப் பெரிய பகுதி. இடைவழியில் யாரேனும் அழைத்துக் கவனம் கலைந்தாலும் அவர் கையில் ஏறக்குறைய சரியான விடை இருக்கும். நம் கையில் இருப்பது சுழியம் மட்டுமே!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் 680ஐக் கூட்டவே இல்லை. 700ஐக் கூட்டி 20ஐத் திருப்பிக் கொடுத்தார். 490ஐயும் கூட்டவில்லை, 500ஐக் கூட்டி 10ஐ எடுத்தார். அருகிலுள்ள முழு எண்ணை நாடிச் சென்று, மிகையாக எடுத்ததைப் பின்னர் ஈடுசெய்தல் என்பது இதன் இலக்கணம். 97ஐயும் 68ஐயும் கூட்டுமாறு கேட்டால், 68 தன்னிடமுள்ள மூன்றை 97க்குக் கொடுத்து அதனை நூறாக்கிவிட்டுத் தான் 65 ஆகிறது, விடை 165. ஒன்பதைக் கூட்டச் சொன்னால் பத்தைக் கூட்டி ஒன்றை எடுக்கலாம். 99ஐக் கூட்டச் சொன்னால் நூற்றைக் கூட்டி ஒன்றை எடுக்கலாம். இவற்றை மேல்நாட்டார் எழுதிய விரைவுக்கணித நூல்களிற் கண்டு வியப்பவர் நம்மிடையே உண்டு. வியப்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

தமிழ் எண்ணுப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அறுபது, எழுபது, எண்பது என்று வரும்; அடுத்து ஒன்பது என்னும் அடியோடு ஒரு ‘பது’ வருதல் வேண்டும். வருவதோ தொண்ணூறு. பத்தின் வரிசையில் நிற்கவேண்டிய சொல்லுக்குள் நூறு வந்து உட்கார்ந்துவிட்டது. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்று எண்ணிச் சென்றால் அடுத்தது தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம். கீழே வந்து ஒன்பதையே பார்த்தால் அதன் ஈற்றிலும் ‘பது’ நிற்கிறது. ஒன்பது பத்தை நோக்கியும், தொண்ணூறு நூற்றை நோக்கியும், தொள்ளாயிரம் ஆயிரத்தை நோக்கியும் சாய்ந்து நிற்கின்றன. இப்புணர்ச்சியைத் தொல்காப்பியமும் நன்னூலும் விதந்து ஓதுகின்றன. இச்சொற்கள் எவ்வாறு இவ்வுருவடைந்தன என்பதில் மொழிநூலார் பலவாறு கூறுவர். அவ்வழக்கினுள் நான் நுழையவில்லை. கணித ஆசிரியனுக்கு வேண்டியது இவ்வளவுதான்: தமிழ்ப் பிள்ளை ஒன்று ‘தொண்ணூறு’ என்று சொல்லும்போதே அதன் காதில் ‘நூறு’ விழுகிறது. காதில் விழுந்ததை மனத்தில் எழச்செய்வது ஆசிரியர் பொறுப்பு. வடமொழியில் பத்தொன்பதை ‘ஒன்று குறைந்த இருபது’ என்னும் பொருள்பட ஏகோனவிம்சதி என்பர். இலத்தீன் மொழியிலும் பத்தொன்பதுக்கு இதே பொருளுடைய சொல்லே வழங்கியது. ஆகவே இது தமிழர்க்கு மட்டும் உரிய பெருமை என்று முரசறைய வேண்டா. மனிதமனம் எங்கும் முழு எண்ணின் நிழலிலே ஒதுங்க விரும்புகிறது.

இலக்கியம் பயிலும் அன்பர்கள் கணிதக் கட்டுரையென்று கண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதிருத்தற்பொருட்டு, தொல்காப்பியச் செய்யுளியலிலிருந்து ஒரு கணக்கைக் காட்டுகிறேன். தொடை வகைகளின் தொகையைச் சொல்லவந்த ஆசிரியர் எண்ணை நேரே சொல்லவில்லை; நம்மைக் கூட்டச் சொல்கிறார். ஐயீராயிரம், அஃதாவது பதினாயிரம். அதனோடு ஆறு ஐந்நூறு, அஃதாவது மூவாயிரம். அதன்மேல் எழுநூறு, ஆனால் அதிற் பத்துக் குறைய வேண்டும். குறைத்ததன்மேல் ஒன்பது சேர வேண்டும். உரைகாரருள் ஒரு சாரார் இதனைக் கூட்டி 13,699 என்றனர். மற்றொரு சாரார் 13,708 என்றனர். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஒன்பதே. ஒன்பதைக் குறிக்கும் சொல் அச்சூத்திரத்தில் ‘தொண்டு’ என்றும் ‘ஒன்பஃது’ என்றும் இரண்டு உருவில் வருவதே இம்முரணுக்கு இடமாயிற்றுப் போலும். புலவர் பெருமக்கள் தொடை எத்தனை என்று வாதிடட்டும். என் கண்ணிற் பட்டது வேறு. அறுநூற்றுத் தொண்ணூறு என்று சொல்லத் தெரியாதவர் அல்லர் தொல்காப்பியர். பத்துக் குறைந்த எழுநூறு என்று சொன்னார். இறாலும் நண்டும் விற்கும் நம் மூதாட்டி 680ஐ இருபது குறைந்த எழுநூறாகக் கண்டதும் இதே கண்ணாலேதான்.

இனி, தலைப்பில் நிற்கும் மாகாணிக்கு வருவோம். பழைய தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் கணக்குப் பயில்வதற்குப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பன வழங்கின. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்களையும் பின்னங்களையும் அளவைகளையும் கூட்டிக் கூட்டி வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்கு உரியவை. புதுச்சேரியிலிருந்து இவற்றை ஆராய்ந்த செந்தில் பாபு என்பார் 2022ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். திண்ணைப்பள்ளி மனனத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது என்பதை அவருடைய ஆராய்ச்சி தெளிவாக்குகிறது. சொல்லிச் சொல்லி மனத்தில் பதிந்த எண்கள், வேண்டியபோது ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் எண்கள்.

எப்படி என்று பார்ப்போம். சிறிய பின்னமாகிய முந்திரி 1/320. முந்திரியும் முந்திரியும் அரைக்காணி. அரைக்காணியும் அரைக்காணியும் காணி, அது 1/80. காணியும் காணியும் அரைமா. அரைமாவும் அரைமாவும் மா; அது 1/20. மாவும் மாவும் இருமா; இருமாவும் இருமாவும் நாலுமா. இது இரட்டித்து ஏறும் ஏணி. இதன் பக்கத்தில் இன்னோர் ஏணி உண்டு. வீசம் என்னும் மாகாணி 1/16. இரண்டு மாகாணி அரைக்கால். இரண்டு அரைக்கால் கால். இரண்டு கால் அரை. இரண்டு அரை ஒன்று. ஓர் ஏணி இருபதைப் பகுத்து இறங்குவது, மற்றது பதினாறைப் பகுத்து இறங்குவது. இவ்விரண்டுக்கும் எவ்வாறு பாலமிடுவது? எங்கள் காலத்துப் பாடசாலைக் கணக்கில் பொதுப்பகுதி கண்டு, மேலெண் பெருக்கி, அரைப்பக்கம் எழுதவேண்டிய வேலை இது. பழந்தமிழர் பெயரிடும்போதே அதனைச் செய்து முடித்துவிட்டனர். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி! 1/20உடன் 1/80ஐக் கூட்டினால் 5/80, அதுவே 1/16. கூட்டற் கணக்கும் அதன் விடையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. முக்காணி என்றால் மூன்று காணி. அதனோடு ஒரு காணி சேர ஒரு மா. நாலுமாவோடு ஒரு மா சேரக் கால். மேலும் ஒன்று: காணியும் மாகாணியும் எவ்வளவு? மாகாணிக்குள் ஒரு மாவும் ஒரு காணியும் இருக்கின்றன; வந்த காணியோடு இருந்த காணி சேர அரைமா; ஆகவே ஒன்றரை மா. பொதுப்பகுதியும் இல்லை, தாளும் இல்லை.

முகத்தலளவையிலும் இவ்வாறே. இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி. எட்டு நாழி குறுணி. இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி. மூன்று தூணி கலம். இரட்டையைக் கண்டால் உடனே மேற்படிக்குத் தாவும் பழக்கம் பிள்ளையின் நாவிலேயே ஊறியிருந்தது.

இலங்கையில் இப்பின்னங்கள் தமிழ்நாட்டிலும் முன்னரே வழக்கொழிந்தமைக்கு நாணயமும் ஒரு காரணமாதல் கூடும். இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்கு 1957ஆம் ஆண்டுவரை இருந்தது; ஆகவே ஓரணா ரூபாயில் மாகாணி என்பது அங்குள்ளோர்க்குச் சட்டைப் பையிலிருந்த உண்மை. இங்கோ 1872ஆம் ஆண்டிலேயே ரூபாவுக்கு நூறு சதம் என்றாகிவிட்டது. எண்பத்தைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டோம். அதனால் வந்த வசதி பெரிது. சதத்தைக் கூட்டுவது அணாவைக் கூட்டுவதிலும் எளிது என்பதை மறுப்பார் இல்லை. மாகாணியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று நான் வாதாடவில்லை. ஆயினும் காலும் அரையும் முக்காலும் நம் கடைகளில் இன்றும் உயிரோடு உள்ளன. முக்கால் கிலோவும் அரைக் கிலோவும் ஒன்றேகால் கிலோ என்று கடைக்காரச் சிறுவன் கண்ணிமைக்குமுன் சொல்வான். அதே சிறுவனிடம் 3/4ஐயும் 1/2ஐயும் எழுதிக் கூட்டச் சொன்னால் 4/6 என்று எழுதினாலும் வியப்பதற்கில்லை.

இந்த இடத்திலேதான் செய்தி விளையாட்டின் எல்லையைக் கடந்து, நம் பிள்ளைகளைப் பற்றியதாகிறது. பிரேசில் நாட்டு இரசீபே நகரத்தில் தெருவிலே பொருள் விற்கும் சிறுவர் ஐவரின் கணக்குகளை மூன்று ஆராய்ச்சியாளர் கவனித்து 1985ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாங்குபவர்போலச் சென்று கேட்டபோது நூற்றுக்கு 98க்குமேல் சரியான விடைகள் வந்தன. பின்னர் அதே சிறுவர்களிடம் அதே வகை எண்களைத் தாளிலே வெறுங்கணக்காகக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 அளவுக்கு இறங்கிவிட்டன. அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தேங்காய் விற்பவன். ஒரு காய் 35. பத்துக் காய் என்ன விலை என்று கேட்டனர். பத்தாற் பெருக்கச் சுழியத்தைச் சேர் என்பது பாடசாலை விதி. அவன் அதனை நாடவில்லை. மூன்று காய் 105 என்பது தொழிலில் அவன் அறிந்தது. இன்னும் மூன்று சேர 210. இன்னும் மூன்று சேர 315. எஞ்சிய ஒன்றோடு 350 என்றான். சுற்றுவழியென்று நகைப்பவர் நகைக்கலாம். தான் உறுதியாக அறிந்த ஒன்றிலிருந்து அறியாத ஒன்றுக்குப் பாலமிட்டுச் செல்லும் அறிவு அது. தென்னஞ்சோலை நடுவே வாழும் எங்களுக்கு அச்சிறுவன் அயலான் அல்லன்.

நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2025ஆம் ஆண்டில், கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலைசெய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் இதனையே உறுதிசெய்தது. சந்தைப் பிள்ளைகள் மனத்தாற் கூட்டிப் பெருக்கிச் சில்லறை தருவதில் வல்லவர்கள். பாடசாலைத் தாளில் தடுமாறுபவர்கள். அருகிலுள்ள பாடசாலைகளிற் படித்து, சந்தையில் வேலைசெய்யாத பிள்ளைகளோ தாளில் ஓரளவு வல்லவர்கள். சந்தைக் கணக்கில் பின்தங்கியவர்கள். ஒரு கரையில் இருக்கும் அறிவு மறுகரைக்குச் செல்லவில்லை. எங்கள் வாவியின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் தோணியும் பாலமும் உண்டு. இவ்விரு கணக்குகளுக்கும் நடுவே அதுவும் இல்லை.

தோணி விடவேண்டியவர் ஆசிரியர். ஆனால் நடப்பது யாது? நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுடைய கொப்பியை அண்மையில் பார்த்தேன். ஊரையும் பாடசாலையையும் சொல்லேன். 399 + 246 என்பது வினா. 645 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அரைப் புள்ளி குறைக்கப்பட்டு, ‘வழி எங்கே?’ என்று கேட்கப்பட்டிருந்தது. வழி அவன் தலைக்குள் இருந்தது. 246இலிருந்து ஒன்றை எடுத்து 399ஐ 400 ஆக்கிவிட்டேன் என்று என்னிடம் சொன்னான். அவனுக்கு இப்போது ஒரு புதிய பழக்கம் வந்திருக்கிறது: விடையை முதலில் மனத்தாற் கண்டுவிட்டு, பின்னர் ஆசிரியரின் கண்ணுக்காக மேலே சிறிய ஒன்றுகளை இட்டு அழகுபடுத்துகிறான். நேர்மையாகச் சிந்தித்த பிள்ளைக்கு நாம் பொய் எழுதக் கற்பித்துவிட்டோம். ஆசிரியரை மட்டும் குறைகூறுவதும் நீதியன்று. நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளை ஓரிரவில் திருத்துபவர், வழியைக் காணாவிட்டால் அடுத்திருந்தவனைப் பார்த்து எழுதினானோ என்று ஐயுறுதல் இயல்பே. ஆனால் கேட்டிருக்கலாம், கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

வலமிருந்து இடமாகக் கூட்டுவதே சாத்திரம் என்று எண்ணுபவர்க்கு ஒரு செய்தி. பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில், எண்களை அவ்வவற்றின் தானத்துக்கேற்ப முறையாகவோ எதிர்முறையாகவோ கூட்டலாம் என்று இரண்டுக்கும் இடந்தந்திருக்கிறார். மேலும், தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரியதை முன்னிட்டுச் செல்பவை. நாற்பத்தெட்டு என்பதில் நாற்பது முன், எட்டுப் பின். செருமானியர் எட்டும்நாற்பதும் என்று தலைகீழாகச் சொல்வர். ஆங்கிலேயர்கூடப் பதின்மூன்று முதலாகப் பத்தொன்பதுவரை சிறியதையே முன்சொல்வர். நமக்கு அந்த இடர் இல்லை. வாய் சொல்லும் ஒழுங்கிலேயே மனம் கூட்டலாம்: நாற்பத்தெட்டும் முப்பத்தாறும், நாற்பதும் முப்பதும் எழுபது, எட்டும் ஆறும் பதினான்கு, எண்பத்துநான்கு.

நீண்ட நிரலைக் கூட்டும்போது வேறோர் உபாயம் உதவும். எண்கள் நின்ற வரிசையிலேயே கூட்டவேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. 7, 6, 3, 8, 4, 2 என்று இருந்தால் ஏழும் மூன்றும் பத்து, ஆறும் நான்கும் பத்து, எட்டும் இரண்டும் பத்து, முப்பது. பத்துக்குப் பத்துச் சேரும் இணைகளைக் கண்டுகொள்ளும் கண் பிள்ளைக்கு வாய்த்துவிட்டால் கூட்டலின் பாதிச் சுமை இறங்கிவிடும். இதற்கு நான் விரும்பி எடுக்கும் உதாரணம், கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டில் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆராய்ந்த துறையிலிருந்து வருவது. விஞ்ஞானப் பட்டதாரியாகிய அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூலில் இசையும் கணிதமும் கைகோத்து நிற்பதைக் கற்றோர் அறிவர். ஏழிசைக்கும் பண்டையோர் வகுத்த அலகுகள், குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. வரிசையாகக் கூட்டினாலும் வரும். ஆனால் கைக்கிளையும் உழையும் ஐந்து, விளரியும் தாரமும் ஐந்து, இரண்டும் பத்து. எஞ்சியவை மூன்று நான்குகள், பன்னிரண்டு. ஆக 22 என்று காணும்போது, கூட்டற்றொகை மட்டுமன்றி அமைப்பும் புலப்படுகிறது. மூன்றும் இரண்டும் இருமுறை வருவதை வரிசையாகக் கூட்டியவன் கவனித்திருக்கமாட்டான்.

காஸ் என்னும் செருமானியக் கணிதமேதை சிறுவயதில் ஒன்றுமுதல் நூறுவரை நொடியிற் கூட்டி 5,050 என்றார் என்னும் கதையை எல்லாரும் அறிவர். நான் அதனை வகுப்பிற் சொல்வதில்லை. மேதையின் கதையைக் கேட்ட பிள்ளை, இது மேதைக்கு உரியது, எனக்கன்று என்று முடிவுகட்டிவிடுகிறது. சகுந்தலா தேவி 1980ஆம் ஆண்டில் இலண்டனில் பதின்மூன்று இலக்க எண்கள் இரண்டை 28 விநாடியிற் பெருக்கியதும் அத்தகையதே. இப்போது ஊர்தோறும் நடக்கும் அபாக்கஸ் வகுப்புகளைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். மணிச்சட்டத்தில் ஐந்துக்கும் பத்துக்கும் குறை காணும் பயிற்சி நல்லதே. ஆனால் அங்கே விரைவு ஒன்றே குறிக்கோளாகி, எல்லா எண்ணுக்கும் ஒரே கையசைவு பழக்கமாகும்போது, இந்த எண்ணுக்கு எந்த வழி என்று தெரியும் இன்பம் போய்விடுகிறது. வேகத்தை நான் பெரிதாக மதிப்பவன் அல்லன்.

மனக்கணக்குக்கும் எல்லை உண்டு. ஐந்திலக்க எண்கள் இருபதை மனத்தாற் கூட்டத் துணிபவர் தணிக்கையாளரிடம் அகப்படுவார். அங்கே தாளும் நிரலுமே துணை. எழுதிக் கூட்டிய விடையைச் சரிபார்க்க மட்டும் மனத்தை மீண்டும் அழைக்கலாம். ஒன்பதைக் கழித்துப் பார்க்கும் பழைய சோதனை அதற்கு உதவும். 478உம் 356உம் 834 என்று எழுதினீர்கள் என்க. நான்கும் ஏழும் எட்டும் பத்தொன்பது. ஒன்றும் ஒன்பதும் பத்து. ஒன்றும் சுழியமும் ஒன்று. மூன்றும் ஐந்தும் ஆறும் பதினான்கு. ஒன்றும் நான்கும் ஐந்து. ஒன்றும் ஐந்தும் ஆறு. விடையில் எட்டும் மூன்றும் நான்கும் பதினைந்து. ஒன்றும் ஐந்தும் ஆறு. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் பிழை உறுதி. பொருந்தினால் பிழையில்லை என்பது உறுதியன்று. 834ஐ 843 என்று இடம் மாற்றி எழுதினாலும் இச்சோதனை தலையாட்டிவிடும்.

வகுப்பறையில் நான் செய்வது ஒன்றுதான். அமெரிக்கப் பாடசாலைகள் சிலவற்றில் ‘எண் உரையாடல்’ என்னும் பெயரால் இது வழங்குகிறது. ஒரே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, எழுதுகோலைக் கீழே வைக்கச் சொல்வேன். விடை கண்டவர் கையை உயர்த்தி அடுத்தவரைக் கலக்காமல், பெருவிரலை மார்பிலே வைத்துக் காட்டவேண்டும். பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் வழியைச் சொல்லவேண்டும். ஒருமுறை 38உம் 47உம் கொடுத்தேன். முப்பதும் நாற்பதும் எழுபது, எட்டும் ஏழும் பதினைந்து, எண்பத்தைந்து என்றான் ஒருவன். நாற்பதும் நாற்பத்தேழும் எண்பத்தேழு, இரண்டு குறைய எண்பத்தைந்து என்றாள் ஒருத்தி. முப்பத்தெட்டிலிருந்து மூன்றை எடுத்து நாற்பத்தேழை ஐம்பதாக்கினேன் என்றான் இன்னொருவன். முப்பத்தெட்டை இரட்டித்து எழுபத்தாறு, அதனோடு ஒன்பது என்றான் மற்றொருவன். கடைசி வாங்கில் இருந்து அதிகம் பேசாத சிறுமி ஒருத்தி, தன் பெருவிரலை எல்லாருக்கும் முன்பே மார்பில் வைத்திருந்தாள். முப்பத்தெட்டில் ஏழு ஐந்தும் மூன்றும். நாற்பத்தேழில் ஒன்பது ஐந்தும் இரண்டும். மூன்றும் இரண்டும் இன்னோர் ஐந்து. எல்லாமாகப் பதினேழு ஐந்து என்றாள். வீட்டில் தேங்காயை ஐந்தைந்தாகக் குவித்து எண்ணுவார்களாம்.

மறுநாள் வகுப்பிற் பாதிப்பேர் ஐந்தைந்தாகக் குவிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் 64உம் 29உம் கொடுத்தேன். பன்னிரண்டு ஐந்தும் நான்கும், ஐந்து ஐந்தும் நான்கும் என்று பலரும் விரல்விட்டுத் திணறிக்கொண்டிருந்தனர். அந்தச் சிறுமி பெருவிரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “இதுக்கு முப்பதைப் போட்டு ஒண்டை எடுக்கிறதுதான் சுகம்” என்றாள்.